நிஹாராவின் கார்ட்டும் நான் போட்ட சிங்க் துண்டும்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எனக்கு எழுத்து வராது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. குழாய் பூட்டுவது, தண்ணீர் நிரப்புவது எல்லாவற்றையும் படம் காட்டிச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. நான் கெடுத்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். கண் மங்கி வேலையை விட்ட பிறகு அதுதான் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

இந்தக் கடைக்கு வரும்முன் நான் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்தினவன். இருபத்தாறு வருடம். எஞ்சினைத் தண்ணீரால் குளிரப்பண்ணுகிற வேலை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதுகு முறிந்த பிறகு படகுக்குள் குனிய ஏலாமல் போய்விட்டது. அந்த நேரம்தான் இங்கே கிராபிக்ஸ் கார்ட்டுக்குத் தண்ணீர் விடும் வேலை தொடங்கியிருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. விசிறி அந்த உப்பை உள்ளே இழுத்துக் கார்ட்டைத் துருவாக்கிவிடும். பெட்டியை மூடிவிட்டுத் தண்ணீரால் சூட்டை வெளியே எடுத்தால் கார்ட் பிழைக்கும். முதலாளிக்குக் கொம்பியூட்டர் தெரியும், குழாய் தெரியாது. எனக்குக் குழாய் தெரியும், கொம்பியூட்டர் தெரியாது. அப்படித்தான் சேர்ந்தேன். அவர் என்னைவிடப் பதினாறு வயது இளையவர்.

முதல் கிழமையிலேயே ஒரு பாடம் கிடைத்தது. ஒரு பொருத்தில் ஒரு சொட்டுக் கசிந்தது. "ஓடத் தொடங்கினால் தானா அடைபடும்" என்றேன். படகில் அப்படித்தான். கசியாத படகு இல்லை. முதலாளி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பொருத்துக்குக் கீழே டிசு பேப்பரை விரித்தார்.

"இருங்கோ அண்ணை. அது தானா அடைபட்டவுடன கூப்பிடுங்கோ."

பின்னேரம் வரை இருந்தேன். அடைபடவில்லை. சாமான் எடுக்க வந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "படகு மெக்கானிக் கொம்பியூட்டருக்குள்ளயும் தண்ணி விட்டுட்டார் போல" என்றார். நான் பொருத்தைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன்.

அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டேன். ஆனால் படகுப் பழக்கம் ஒன்றோடு போய்விடாது. ஒன்றை விட்டால் இன்னொன்று கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் சொல்ல வந்தது அந்த இன்னொன்றைப் பற்றி.

கிண்ணியாவில் நிஹாரா என்று ஒருவர். வயது முப்பத்தெட்டு இருக்கும். வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டாத வீட்டைக் கட்டினதுபோல் கொம்பியூட்டரில் படமாக்கிக் கொடுப்பார். வெயில் விழுவது, கண்ணாடியில் மரம் தெரிவது எல்லாம் அதில் இருக்கும். அந்தப் படம் ஒன்று முடிய கார்ட் மணிக்கணக்காக ஓட வேண்டும். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று அவருக்குச் சோதனை வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. முப்பது படம். சொன்ன திங்கட்கிழமைக்கு முடித்தால் நிரந்தர வேலை. கத்தாரில் எலெக்ட்ரீசியனாக இருந்த தம்பி றிஸ்மியை ஊருக்கே கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்வது என்று பேசி வைத்திருந்தார்கள். கார்ட்டைக் கொண்டுவந்ததே றிஸ்மிதான். அங்கே ஒருவர் பாவித்த கார்ட். லீவில் வரும்போது துவாயில் சுற்றி, மடியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தவராம்.

"பெட்டிக்குள்ள போட்டா எறிஞ்சு போடுவானுகள் எண்டு மடியிலேயே வெச்சிருக்கான், அண்ணன்" என்று நிஹாரா சிரித்தார். "சாப்பாட்டுத் தட்டு வைக்கவும் இடமில்லியாம். பட்டினியா வந்து எறங்கினான்."

அந்தக் கார்ட்டுக்குத் தண்ணீர் பூட்ட நான் போன நாள் முதலாளி கொழும்பில் இருந்தார். சூட்டை எடுக்கும் செப்புக் கட்டி கெடாமலிருக்கத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் மருந்துத் தண்ணீர் கடையில் முடிந்துவிட்டது. அதை எடுக்கத்தான் அவர் போயிருந்தார். இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். நிஹாரா அவசரப்படுத்தவும் இல்லை. "பிந்தினாலும் காரியமில்ல, வடிவா செய்ங்க" என்றுதான் சொன்னார். அவசரம் எனக்குத்தான். கையில் வேலையை எடுத்துவிட்டுச் சும்மா திரும்பிப் போக எனக்கு ஏலாது.

பட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை நிரப்பினேன். மருந்து இல்லையே, செம்பைத் தண்ணீர் தின்னுமே என்று யோசித்தேன். படகில் இதற்கு ஒரு வழி உண்டு. கடல்தண்ணீர் ஓடும் பாதையில் ஒரு சிங்க் துண்டைப் பூட்டிவிடுவோம். கடல் அந்தத் துண்டைத் தின்னும், செம்பை விட்டுவிடும். சிங்க் இல்லாமல் படகை இறக்குகிறவனை மெக்கானிக் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் சாமான் பையில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அதைச் சின்னதாக அறுத்துத் தண்ணீர்த் தாங்கிக்குள் போட்டு மூடினேன்.

யாரும் சொல்லித் தராமல் நானே யோசித்துச் செய்தது என்று பெருமையாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

படகில் சிங்க் கரைந்தால் கடல்தண்ணீரோடு வெளியே போய்விடும். கார்ட்டில் தண்ணீர் எங்கே போகும்? அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. இவ்வளவு சின்ன விஷயம். எனக்கு அன்றைக்குப் புலப்படவில்லை.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. சோதனை வேலை தொடங்கிய கிழமையில் நிஹாரா போன் எடுத்தார்.

"அண்ணன், சூடு எழுபதைத் தாண்டுது. முந்தி அம்பத்தஞ்சுக்கு மேல போகாது."

"கச்சான் காத்தெல்லோ தங்கச்சி. இந்த மாசம் எல்லாம் சூடாத்தான் இருக்கும். விசிறியைக் கூட்டி விடுங்கோ."

அடுத்த நாள் திரும்ப எடுத்தார். எண்பத்திரண்டு. நான் ஒரு பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றேன், கையெல்லாம் பசை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"நிப்பாட்டி வைக்கட்டா அண்ணன்? இன்னும் பதினோரு படம் கிடக்கு. நிப்பாட்டினா திங்கக்கிழமைக்கு முடியாது. ஆனா நீங்க நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறன்."

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நிப்பாட்டுங்கோ, இப்பவே வாறன் என்பது. கடையிலிருந்து கிண்ணியா எவ்வளவு தூரம்? பஸ்ஸில் முக்கால் மணி.

"ஓட விடுங்கோ. ஒண்டும் செய்யாது" என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் கார்ட் செத்தது. ஒன்பது படம் மிச்சம்.

போனேன். கார்ட்டைக் கழற்றி, சிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் செப்புக் கட்டியைத் திறந்தேன். அதற்குள் தலைமயிர்போல மெல்லிய பள்ளங்கள் இருக்கும், தண்ணீர் அதற்குள்ளால்தான் ஓட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பள்ளமும் தெரியவில்லை. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பைப்போல வெள்ளைக் களி. கண்டவுடன் விளங்கிவிட்டது. நான் போட்ட சிங்க் கரைந்து அங்கே வந்து இருந்துவிட்டது. தண்ணீர் ஓடவில்லை. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், சூடு கூடினால் வேகத்தைக் குறைக்கும். அதற்குப் பக்கத்தில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சின்னச் சாமான்களுக்கு அந்தப் புத்தி இல்லை. இரண்டு எரிந்து கறுத்துப்போய்க் கிடந்தன.

நிஹாரா பிளேன்டீ கொண்டுவந்து மேசையில் வைத்தார். எனக்குப் பின்னால் நின்றார். நான் உடம்பைத் திருப்பி மறைத்துக்கொண்டு, பெருவிரலால் அந்தக் களியை வழித்துத் துணியில் துடைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. துடைத்து முடிந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

"என்ன அண்ணன் நடந்திருக்கு?"

"கார்ட்டில ரெண்டு சாமான் எரிஞ்சு போச்சுது."

அவர் குனிந்து அந்தக் கறுத்த சாமான்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"தம்பி கொண்டாரக்குள்ளயே அது பழுதா இருந்திருக்குமா? பாவிச்ச சாமான்தானே."

எனக்குப் பொய் சொல்லத் தேவை வரவில்லை. பொய்யை அவரே என் கையில் வைத்தார். நான் வாங்கினேன், அவ்வளவுதான்.

"இருக்கலாம்" என்றேன்.

ஒரு சொல். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே நான் சொன்ன ஒரு சொல்லை அவர் அப்படியே நம்பினார்.

பிள்ளைகளே, திறந்தவுடன் துடைக்காதீர்கள். இதைத்தான் இந்தத் தொழிலில் நான் கடைசியாகப் படித்தேன். எந்தக் கட்டியைத் திறந்தாலும் கையை எடுத்துவிட்டு, சொந்தக்காரரைக் கூப்பிட்டு முதலில் காட்டுங்கள். உங்கள் பிழையோ, அவர்கள் பிழையோ, கார்ட்டின் பிழையோ, இரண்டு பேரும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு பொய் சொல்ல ஏலாது. நாம் நல்லவர்களாக இருப்போம் என்று நம்பி இருக்கக்கூடாது. அந்த நேரத்தில் இருக்கமாட்டோம்.

அந்தக் கம்பனி வேலை நிஹாராவின் கைவிட்டுப் போய்விட்டது. அது நடந்தது மறுகிழமை. மீதியை நான் துண்டு துண்டாகத்தான் கேள்விப்பட்டேன். நிஹாரா தம்பிக்குப் போன் எடுத்து, அங்கே விற்க முடியாத சாமானைத் தன் தலையில் கட்டிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். றிஸ்மி ஊருக்கு வரும் ஒருவரிடம் வேறு புதுக் கார்ட் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நிஹாரா அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

இதை அவரே என்னிடம் சொன்னார். பிரின்டர் ஒன்று திருத்தக் கடைக்கு வந்திருந்தார்.

"வாப்பா இருந்தா அவன் இப்படிச் செய்வானா அண்ணன்? கூடப்பிறந்தவளுக்கே."

நான் பிரின்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். முதலாளி உள்ளே இருந்தார். அவருக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தேன். பிறகு சொல்லுவோம் என்று நினைத்தேன். பிந்தப் பிந்தச் சொல்லுவது கடினமாகும் என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் பிந்தப் பிந்தச் சொல்லாமல் இருப்பது சுகமாகிவிடும். அதுதான் பயங்கரம்.

அடுத்த வருடம் நிஹாராவின் மகளுக்குக் கலியாணம். எனக்கும் சொல்லியிருந்தார்கள். போகாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். போனேன். அவர்கள் சஹனில் சாப்பாடு வைப்பார்கள். ஒரு பெரிய தட்டு, சுற்றிவர ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. என்னை மரியாதைக்காகப் பெண் வீட்டு ஆட்களோடு இருத்தினார்கள். எங்கள் தட்டில் ஐந்து பேர். சோறு பரிமாறியவர் ஆறாவது ஆளைத் தேடினார்.

தட்டில் இருந்த பெரியவர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார்.

"அது பொண்ணுட மாமன்ட எடம். அப்படியே இருக்கட்டும்."

"றிஸ்மி வரலியா காக்கா?" என்று சோறு வைத்தவர் அந்தப் பெரியவரைக் கேட்டார்.

"லீவு கெடைக்கலியாம்."

"லீவா?" என்று சோறு வைத்தவர் சிரித்தார். "மருமகளுக்குக் கலியாணம் எண்டா கத்தார்ல என்ன, சந்திரன்ல இருந்தாலும் வந்திருப்பான். எங்களுக்கென்ன தெரியாதா?"

"சும்மா இரு. சோத்தப் போடு."

எனக்குப் பக்கத்தில்தான் அந்த இடம். சோற்றை என் பக்கமாகத் தள்ளித் தள்ளிவிட்டார்கள், விருந்தாளி என்று. இறைச்சியில் நல்ல துண்டெல்லாம் என் பக்கம். சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழும்பினால் அவமரியாதை. நிஹாரா பெண்கள் பக்கத்திலிருந்து வந்து, "வடிவா சாப்பிடுங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கண் அந்த வெற்று இடத்தில் ஒருமுறை தங்கிப் போனது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கலியாண வீட்டில் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சிங்க் போட்டது, களியைத் துடைத்தது, சொன்ன சொல், எல்லாம். கோபப்படுவார் என்று நின்றேன். அவர் திருப்புளியை மேசையில் வைத்தார்.

"ஒண்டுமே போடாம வெறும் பட்டரித் தண்ணியோட விட்டிருந்தா ஒரு வருசம் ஓடியிருக்கும் அண்ணை."

"ஓம்."

"அவவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"அப்ப என்னட்ட என்னத்துக்குச் சொல்லுறீங்க? எனக்கும் அவவிட தம்பிக்கும் கோவமா?"

அலுமாரியைத் திறந்து ஒரு கார்ட்டை எடுத்து என் கையில் தந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

கிண்ணியாவில் நிஹாரா முற்றத்தில் கலியாணத்துக்கு வாங்கின கதிரைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்தார்.

"வாங்க அண்ணன். ஒண்டும் பழுதாகலியே, என்ன இந்தப் பக்கம்?"

"ஒரு கதை சொல்ல வேணும் தங்கச்சி."

இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். நான் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு சின்னதைத்தான் பத்து மாதம் சுமந்தேன்.

"தொறந்து பாத்த அண்டைக்கே தெரியுமா?"

"ஓம்."

"நான் பின்னுக்கு நிண்டனே, அப்பவே?"

"ஓம்."

அவர் அழுவார், அல்லது ஏசுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. நனைந்த கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் அவனுக்கு என்னென்ன சொன்னன் எண்டு உங்களுக்குத் தெரியாது" என்றார்.

கொண்டுபோன கார்ட்டை நீட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை. எழும்பி உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தார். எண்ணை அழுத்தி, மணி போகும்போதே என் கையில் வைத்தார்.

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அது அக்கா தம்பிக் கதையாப் போயிடும். இது உங்கட கதை."

மறுபக்கத்தில் இரும்பு அறுக்கும் சத்தம். "ராத்தா?" என்று அக்காவைத் தேடியது ஒரு குரல். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லில் இருந்த ஆசை எனக்குக் கேட்டது. நான்தான் அதைக் கெடுக்க வேண்டியிருந்தது.

"நான் ராத்தா இல்லை, தம்பி. கொம்பியூட்டர் திருத்தின ஆள் கதைக்கிறன்."

சொன்னேன். இந்த முறை இன்னும் சுருக்கமாக வந்தது. நான் முடித்தபோது இரும்பு அறுக்கும் சத்தம் தூரமாகிப்போனது, அவர் ஒதுங்கி நடந்திருப்பார். 

"அண்ணன்" என்றார் றிஸ்மி. கோபம் இல்லாத குரல். "அதை வாங்க முந்தி, ரூம்ல வெச்சு பதினொரு நாள் ஓட விட்டுப் பாத்தன். ஒரு கொறையும் இல்ல. ஆனா ராத்தா அப்படிச் சொன்ன நாளையில இருந்து, நான் சரியாத்தான் பாத்தனா எண்டு யோசிச்சுக்கிட்டே இருக்கன். இஞ்ச ஒரு பல்ப் பூட்டினாலும் ரெண்டு தரம் எறங்கி ஏறிப் பாக்கிறன். கூட வேல செய்றவனுகள் பகிடி பண்றானுகள்."

கார்ட் போனதும் வேலை போனதும் எனக்குத் தெரியும். அக்காவும் தம்பியும் பிரிந்ததும் தெரியும். ஒரு நல்ல வேலைக்காரன் தன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டேன் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"ஊருக்கு வாங்கோ தம்பி. ரெண்டு பேருமாச் செய்யிறதெண்டு..."

"இல்ல அண்ணன். போன மாசம்தான் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சன். இனி ஏலா."

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிஹாரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டவில்லை.

பிறகு றிஸ்மி கேட்டார்.

"ராத்தா பக்கத்துல நிக்கிறாவா?"

"ஓம்."

"கலியாணப் படம் ஒண்டும் எனக்கு வரல்ல எண்டு சொல்லுங்க. மருமகளப் பாக்கணும்."

சொன்னேன். நிஹாரா போனை வாங்கினார். காதில் வைக்கவில்லை. அதை முன்னால் பிடித்துக்கொண்டு, படங்களைத் தேடி ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினார். படங்களில் எல்லோரும் இருந்தார்கள், அவருடைய தம்பியைத் தவிர. நான் கார்ட்டை ஒரு காய்ந்த கதிரையில் வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தேன். போய் வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் போனதை அவர் கவனித்தாரோ தெரியாது.